எங்க யூனிட்டுக்கே நோட்டீஸ் வந்துச்சு, அதான் சொல்றேன்

"பேக்கரி அழுக்கா இருந்தா சட்டப்படி நடவடிக்கை எடுப்பாங்களா, இல்ல ஆபீசர் காசு வாங்கிட்டு போயிடுவாரா?"ன்னு கேட்டிருக்கீங்க. பன்னுக்குள்ள எதையோ பாத்துட்டு கோவத்துல கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். எடுப்பாங்க. எனக்கே எடுத்தாங்க.

மும்பை தாராவில காரி (அடுக்கடுக்கா இருக்குற மொறுமொறு பிஸ்கட்), டோஸ்ட் போடுற சின்ன பேக்கரி யூனிட் எங்களோடது, அப்பா திருநெல்வேலி பக்கத்துல இருந்து வந்து ஆரம்பிச்சது. ஒரு மழைக்காலத்துல, பட்டில (பேக்கரி அடுப்புல) இருந்து எடுத்த டிரே எல்லாம் தரையில வச்சு ஆறிக்கிட்டு இருக்கு, அந்த நேரம் ஃபுட் சேஃப்டி ஆபீசர் வந்துட்டாரு. வந்ததும் மைதா மூட்டைய நகத்த சொன்னாரு. செவுத்த ஒட்டி வெறுந்தரையில அடுக்கியிருந்தோம், பின்னாடி பூரா எலிப்புழுக்கை. எனக்கு வாயே வரல, ஏன்னா அன்னைக்கு காலைல எம் பொண்ணு அந்த மாவுல போட்ட டோஸ்ட்ட தான் தின்னுட்டு ஸ்கூலுக்கு போயிருந்தா. ஜன்னலுக்கு வலை இல்ல, தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் இல்ல, வேலை பாக்குற பசங்களோட மெடிக்கல் சர்டிபிகேட் வருஷா வருஷம் எடுக்கணும், அதுவும் எடுக்கல.

காசு குடுத்து சரிக்கட்டியிருப்பேன்னு சில பேர் சொல்லுவீங்க. அவர் கேக்கல, நான் குடுக்கல. எல்லாரும் அப்படி தான்னு நான் சொல்ல வரல, எனக்கு நடந்தத சொல்றேன். 2006 உணவுப் பாதுகாப்பு சட்டம் 32வது பிரிவுல நோட்டீஸ் வந்துச்சு, என்ன தப்பு, என்ன செய்யணும், எத்தனை நாள்ல செய்யணும்னு எழுதி. 14 நாளுக்கு கம்மியா டைம் குடுக்கக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. சரி பண்ணலன்னா லைசன்ஸ சஸ்பெண்ட் பண்ணலாம், அப்புறமும் கேக்கலன்னா கேன்சல். சுத்தமில்லாம தயாரிச்சா 56வது பிரிவுல 1 லட்சம் வரை அபராதம் வேற. இருந்த மூட்டை பூராவையும் தூக்கி போட்டேன், வயிறு எரிஞ்சுச்சு, ஆனா போட்டேன். இப்ப எல்லாம் பலகை மேல தான், செவுத்துல இருந்து தள்ளி.

நீங்க செய்ய வேண்டியது, அந்த பன்ன தூக்கி எறியாதீங்க, பில்லையும் வச்சுக்கோங்க, அதுல இருக்குற 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசன்ஸ் நம்பரோட, அவங்களோட ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்ல கம்ப்ளைன்ட் போடுங்க. வாட்ஸ்அப் குரூப்ல வீடியோ மட்டும் போட்டா ஒண்ணும் ஆகாது, கடைக்காரன் மறுநாள் கழுவி வச்சிருவான்.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தம் இல்ல, ஆனா மனசு ஆறல. 2025 ஜனவரில பாம்பே ஹைகோர்ட் மும்பை பேக்கரிகள்ல இருக்குற விறகு, கரி பட்டிய எல்லாம் ஆறு மாசத்துல மாத்த சொல்லிருச்சு. புகை எங்க நெஞ்சுக்கும் தான் கேடு, மாத்தணும்னு எனக்கும் ஆசை. ஆனா இடத்து ஓனர் கேஸ் லைனுக்கு கையெழுத்து போட மாட்டேங்குறாரு, பின்பக்க சாக்கடை உடைஞ்சு தண்ணி தேங்குது, அதையும் சரி பண்ண விட மாட்டேங்குறாரு, எலி அங்க இருந்து தான வருது. நோட்டீஸ் வந்தா எம் பேருக்கு தான் வரும். வாடகைக்கு இருக்குறவன் இதுக்கு யார்கிட்ட போகணும்னு தெரிஞ்சவங்க கீழ எழுதுங்க.