பங்கு கேட்டு வந்தவனுக்கு இயேசு ஏன் தீர்ப்புச் சொல்லவில்லை?

சண்டை, செல்வம், கிருபை (தகுதி பார்க்காமல் காட்டும் இரக்கம்) இந்த மூன்றையும் பற்றி இயேசு சொன்னதை எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது பிடிபட்டது பைபிளில் லூக்கா சுவிசேஷத்தின் 12ஆம், 15ஆம் அதிகாரங்களை ஒரே நாளில் வாசித்தபோதுதான். இரண்டிலும் அண்ணன் தம்பி வருகிறார்கள். இரண்டிலும் சொத்துப் பங்கு வருகிறது.

12இல் கூட்டத்திலிருந்து ஒருவன், ஆஸ்தியில் என் பாகத்தைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்கிறான். இயேசுவோ, என்னை உங்களுக்கு நியாயாதிபதியாக வைத்தது யார் என்று விலகிக்கொள்கிறார். ரொம்ப நாள் எனக்கு இது வருத்தமாகவே இருந்தது. நியாயம் கேட்டு வந்தவனை இப்படியா அனுப்புவது?

ஆனால் அவர் அவனை அப்படியே விட்டுவிடவில்லை. பொருளாசையைப் பற்றி எச்சரித்துவிட்டு, நிலம் அமோகமாக விளைந்த ஒரு பணக்காரனின் கதையைச் சொல்கிறார். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட அன்று ராத்திரியே அவன் உயிர் போகிறது. அவன் பேச்சைக் கவனியுங்கள்: என் களஞ்சியங்கள், என் பொருள்கள், என் ஆத்துமா. கூலியாளோ, பிள்ளையோ, பக்கத்து வயல்காரனோ அந்தப் பேச்சில் இல்லை. விளைந்ததைப் பகிர்ந்துகொள்ள ஒருவரும் இல்லாத மனிதன். பங்கு கேட்டு வந்தவன் காதில் இது எப்படி விழுந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

அப்புறம் 15ஆம் அதிகாரம், கெட்ட குமாரன் கதை. ஆயக்காரர்களோடு, அதாவது ஊர் வெறுத்த வரி வசூலிப்பவர்களோடு, உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று பரிசேயர் என்ற கண்டிப்பான யூத மதப் பிரிவினர் முறுமுறுத்தபோது இயேசு சொன்னது. இளைய மகன் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பி வருகிறான். தகப்பன் கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறான். மூத்த மகனோ கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வர மறுக்கிறான். நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலும் இளையவன் வீடு திரும்பியதோடு முடித்துவிடுவார்கள். எனக்கு மூத்தவன்தான் முக்கியம். தகப்பன் ஆஸ்தியை "அவர்களுக்கு" பங்கிட்டுக் கொடுத்தான் என்று 12ஆம் வசனம் சொல்கிறது. அதாவது இருவருக்கும். மோசேயின் சட்டங்களைச் சொல்லும் உபாகமம் என்ற புத்தகத்தின் 21ஆம் அதிகாரத்தின்படி மூத்தவனுக்கு இரண்டு பங்கு. இளையவன் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனபின் மிஞ்சியது எல்லாம் மூத்தவனுக்குச் சேரவேண்டியது. அடித்த கொழுத்த கன்றும் அதில் அடக்கம். தம்பியை மன்னித்தது தகப்பன். ஆனால் விருந்துச் செலவு அண்ணன் பாகத்திலிருந்து போகிறது! கிருபை ஒருவர் கணக்கிலும் எழுதப்படாமல் வானத்திலிருந்து விழுகிறது என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய இடியாக இருந்தது.

அதனால் அவன் கோபம் நியாயமான கோபம்தான். ஆனால் அவன் வாயிலிருந்து "தகப்பனே" என்று ஒரு தடவைகூட வருவதில்லை. இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டி கொடுத்தீரா என்று கூலிக்காரன்போல் கேட்கிறான். தம்பியை "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். வெளியே வந்து வருந்தி அழைக்கும் தகப்பன் அதே வார்த்தையை மெதுவாக மாற்றிவிடுகிறார்: "உன் சகோதரனாகிய இவன்." சண்டை, சொத்து, கிருபை மூன்றும் இந்த ஒரு திருத்தத்தில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அப்பா இறந்தபின் கிணற்றுப் பங்கு விஷயத்தில் நானும் தம்பியும் நான்கு வருஷம் பேசவில்லை. நியாயம் என் பக்கம் இருந்தது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த நான்கு வருஷமும் அம்மாவிடம் அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "உங்க பையன்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். "உன் தம்பிடா" என்பார் அம்மா, ஒவ்வொரு தடவையும்.

மூத்தவன் கடைசியில் வீட்டுக்குள் போனானா என்று லூக்கா எழுதவில்லை. நான் ஒரு கிறிஸ்துமஸ் அன்று தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். கிணறு இன்னும் அவன் பக்கத்தில்தான் இருக்கிறது.