எண்ணெய் ஒரு ஸ்பூன், தேங்காய் ஒரு மூடி, க்ரீம் ஒரு பாக்கெட்

கேள்வி: காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு 48 வயது. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 152 என்று வந்தது. மூன்று மாதம் சாப்பாட்டைச் சரிசெய்துவிட்டு வாருங்கள், அப்புறம் மாத்திரையைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அத்தை தினமும் காலையில் அவருக்கு வெறும் வயிற்றில் செக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு பெரிய ஸ்பூன் கொடுக்கிறார். தொப்பை குறையுமாம். ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று பாலை விட்டுவிட்டு, டப்பாவில் வரும் தேங்காய் க்ரீமைக் காபியிலும் ஓட்ஸிலும் கலந்துகொள்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமை குருமாவில் பாக்கெட் க்ரீம் ஊற்றுவேன். மூன்றில் எது சத்து? எதை நிறுத்துவது?

பதில்: நிறுத்த வேண்டியது அத்தை கொடுக்கும் எண்ணெய். அவர் மனம் நோகாமல் எப்படி நிறுத்துவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டு க்ரீம்களும் அளவைப் பொறுத்த சமாச்சாரம். உங்கள் மகள் விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கவலை. அதற்கும் வருகிறேன்.

இந்த மூன்றையும் ஒரே தராசில் வைப்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பால் தயிராகி, தயிரைக் கடைந்து வெண்ணெயாகி, அதை உருக்கினால் நெய். நெய், தயிர் இரண்டில் எது சத்து என்று யாரும் கேட்பதில்லை, இல்லையா? தேங்காயிலும் இப்படிப் படிகள் உண்டு. தேங்காய்த் துருவலில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 33 கிராம் கொழுப்பு, 9 கிராம் நார்ச்சத்து, 3 கிராம் புரதம். அரைத்துப் பிழிந்தால் நார் சக்கையோடு போய்விடும். கையில் நிற்கும் கட்டியான முதல் பால்தான் கடைக்காரர் மொழியில் தேங்காய் க்ரீம். கொப்பரையாகக் காயவைத்துச் செக்கில் ஆட்டினாலோ புரதமும் தாது உப்புகளும் புண்ணாக்கில் தங்கிவிடும், பாட்டிலுக்கு வருவது வெறும் கொழுப்பு. மரச்செக்கு, இரும்புச்செக்கு, வெர்ஜின், எதுவானாலும் இதில் மாற்றம் இல்லை. வாசனையும் கொஞ்சம் ஆன்டிஆக்சிடன்ட்டும் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே தேங்காய் எண்ணெய்க்குச் சரியான ஜோடி நெய். தேங்காய் க்ரீமுக்கு ஜோடி பால் க்ரீம்.

சரி, ஸ்பூன் கணக்குக்கு வருவோம். 15 மில்லி பிடிக்கும் டேபிள்ஸ்பூனை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் என்றால் சுமார் 120 கலோரி, அதில் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது எல்டிஎல்-ஐ ஏற்றும் வகைக் கொழுப்பு, 11 முதல் 12 கிராம். வீட்டில் தண்ணீர் சேர்க்காமல் பிழிந்த முதல் பால் என்றால் 50 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு நாலரை கிராம். கடையில் ‘ஃப்ரெஷ் க்ரீம்’ என்று விற்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள பால் க்ரீம் என்றால் 35, 40 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு இரண்டேகால் கிராம் அளவில்.

ஆமாம், பாக்கெட் க்ரீம்தான் இருப்பதிலேயே குறைவு. இதைச் சொன்னால் என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் பாதிப் பேர் நம்புவதில்லை. தேங்காய் இயற்கை, பாக்கெட் செயற்கை என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. ஆனால் பால் கொழுப்பில் நிறைவுற்றது 60, 65 சதவீதம்தான். தேங்காய்க் கொழுப்பில் அது 90 சதவீதத்தை நெருங்கும். ஸ்வீடனில் ஒரு ஆய்வில் உடல் எடை கூடியவர்களுக்கு எட்டு வாரம், தினமும் 40 கிராம் பால் கொழுப்பு கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு க்ரீமாக, இன்னொரு பிரிவினருக்கு நம் நெய் மாதிரியான வெண்ணெய்க் கொழுப்பாக. நெய்ப் பிரிவில் எல்டிஎல் ஏறியது, க்ரீம் பிரிவில் ஏறவில்லை. க்ரீமில் கொழுப்புத் துளி ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, கடையும்போது அது உடைந்து மோரோடு போய்விடுகிறது, அதுதான் காரணமாக இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. ஒரே ஆய்வுதான். அதை நம்பி டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட வேண்டாம்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வருவது அந்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிராமில் சொன்னால் 22. அத்தையின் ஒரு ஸ்பூன் அதில் பாதியைக் காலை ஆறு மணிக்கே தின்றுவிடுகிறது. இட்லிச் சட்னி, மத்தியானக் கூட்டு, சாயங்கால டீ எல்லாம் மிச்சப் பாதிக்குள் அடங்க வேண்டும். அடங்காது.

தொப்பை குறையும் என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அத்தையிடம் பேச உதவும். எம்சிடி என்று ஒருவகைக் கொழுப்பு இருக்கிறது. நடுத்தர நீளச் சங்கிலி கொண்ட கொழுப்பு. அது குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சீக்கிரம் எரிந்துவிடும். கொழுப்பு செரிக்காத நோயாளிகளுக்கு மருத்துவமனைகளில் கொடுப்பார்கள். அதை வைத்து நடத்திய எடைக் குறைப்பு ஆய்வுகளைத் தூக்கித் தேங்காய் எண்ணெய்க்குச் சூட்டிவிட்டார்கள். அந்த எம்சிடி எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்தே 15 சதவீதத்துக்கு மேல் பொதுவாகப் போகாது. பாதியளவு இருப்பது லாரிக் அமிலம். பெயரளவில் அதுவும் நடுத்தரச் சங்கிலிதான், ஆனால் உடம்பு அதில் பெரும்பகுதியை மற்ற நீளச் சங்கிலிக் கொழுப்பைப் போலத்தான் நடத்துகிறது. உங்கள் வீட்டுக்காரர் விழுங்கும் ஒரு ஸ்பூனில் உண்மையான எம்சிடி இரண்டு கிராம் தேறும். மிச்சம் பன்னிரண்டு கிராம் அதோடு ஓசியில் வருகிறது.

இன்னொரு பயமும் ஊரில் உண்டு. மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் ரத்தக் குழாயிலும் உறையும் என்பார்கள். அது சும்மா. தேங்காய் எண்ணெய் உருகுவது 24, 25 டிகிரியில், நம் உடம்புச் சூடு 37. நம் வேலூர் வெயிலில் வருஷத்தில் பத்து மாதம் பாட்டிலிலேயே உறைவதில்லை. விஷயம் கல்லீரலில் நடக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல்-ஐப் பிடித்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களில் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அவற்றின் வேலை மந்தமாகிறது, எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. 2020-ல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசலில், சூரியகாந்தி, ஆலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்டிஎல்-ஐ சுமார் 10 புள்ளி உயர்த்தியது. நல்ல கொழுப்பு என்கிற ஹெச்டிஎல்-ஐயும் 4 புள்ளி உயர்த்தியது. இந்தப் பின்பாதியை மட்டும் சொல்லித்தான் வாட்ஸ்அப்பில் எண்ணெய் விற்கிறார்கள்.

கேரளாக்காரர்கள் காலங்காலமாகச் சாப்பிடவில்லையா என்று அத்தை கேட்பார். நியாயமான கேள்விதான். கொச்சியில் 200 இதய நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி இரண்டு வருஷம் ஒரு பிரிவுக்குத் தேங்காய் எண்ணெயிலும் இன்னொன்றுக்குச் சூரியகாந்தி எண்ணெயிலும் சமைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே சிகிச்சையில், கொழுப்புக் குறைக்கும் மாத்திரையில் இருந்தவர்கள். அதோடு, அந்த எண்ணெய் சமையலுக்குள் போனது. உங்கள் வீட்டிலோ வழக்கமான சமையல் எண்ணெயோடு இது உபரியாக ஒரு ஸ்பூன்.

நம் பக்கத்துச் சமையல் எண்ணெய் கடலெண்ணெய். வட ஆற்காடு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைந்த மண். தேங்காய் எண்ணெய் இங்கே தலைக்குத்தான், வாணலிக்கு இல்லை. கடலெண்ணெயில் நிறைவுற்றது ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். இந்த ஊர் நாக்குக்குப் பழகிய ஒரு நல்ல எண்ணெயை வைத்துக்கொண்டு, அதன்மேல் இன்னொன்றை மருந்து மாதிரிக் குடிப்பது எனக்கு விளங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குருமாவுக்கு வருவோம். நாலு பேர் சாப்பிடும் குருமாவில் 200 மில்லி பாக்கெட்டை முழுசாக ஊற்றினால் ஆளுக்கு எட்டு கிராம் நிறைவுற்ற கொழுப்பு. அதற்குப் பதில் ஒரு மூடித் தேங்காயை, அதாவது 150 கிராம் துருவலை, அரைத்து ஊற்றினால் ஆளுக்குப் பதினொன்று. தேங்காய்க்கு மாறிவிட்டோம், இனி கவலையில்லை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம். ஆனால் அரை மூடியே போதும், அதைப் பிழியாமல் அப்படியே விழுதாக அரைத்துப் போடுங்கள், நாராவது உள்ளே இருக்கும். குருமா கெட்டியாக வேண்டும் என்றால் பொட்டுக்கடலை, கசகசா சேர்த்து அரைத்துக்கொள்ளலாம். இதற்கும் மேலே எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. 50 கிராம் மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து மைய அரைத்து ஊற்றுங்கள். ஆளுக்கு நிறைவுற்ற கொழுப்பு ஒரு கிராம்கூட வராது, மொத்தத்தில் பன்னிரண்டு கிராம் புரதம் கூடும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கும்போது அதைப் போட்டு இப்படி ஒரு குருமா வைத்துப் பாருங்கள், க்ரீம் ஞாபகம் வராது. விருந்தாளி வரும் நாளில் க்ரீம்தான் வேண்டும் என்றால் அடுப்பை அணைத்த பிறகு இரண்டு ஸ்பூன் விடுங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். பிரித்த பாக்கெட்டில் மிச்சம் இருப்பதுதான் ஆபத்து, மறுநாள் காபிக்குள் போய்விடும்.

மகள். அவள் பாலுக்குப் பதிலாகத் தேங்காய் க்ரீமை எடுத்துக்கொண்டிருக்கிறாள். பாலின் வேலையை அது செய்யாது. 100 மில்லி பசும்பாலில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 120 மில்லிகிராம். தேங்காய் க்ரீமில் 11 மட்டும். வைட்டமின் ஏ தேங்காயில் கிடையாது. பொட்டாசியம், இரும்பு கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை, ஆனால் அவற்றை அவள் கீரையிலேயே எடுத்துக்கொள்ளலாம். எலும்பு கெட்டிப்படும் வயதில் ஒரு நாளைக்குச் சுண்ணாம்புச் சத்து 1000 மில்லிகிராமாவது வேண்டும். அவள் டப்பாவிலிருந்து நாலு ஸ்பூன் எடுத்தால் வருவது ஏழு.

வயிறு உப்புவது பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாததாலாக இருக்கலாம். அப்படியானால் நன்றாகப் புளித்த தயிரும் மோரும் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. பால் ஒரு டம்ளர் ஒரே மூச்சில் குடிக்காமல், சாப்பாட்டோடு அரை டம்ளர் என்றால்கூடச் சிலருக்குச் சரியாகிவிடும். வேடிக்கை என்னவென்றால் பால் க்ரீமிலும் லாக்டோஸ் குறைவு, ஒரு ஸ்பூனில் அரை கிராம்தான் இருக்கும். தினமும் ஒரு பெரிய கிண்ணம் தயிர், வாரத்தில் நாலு நாள் கேழ்வரகு. கூழ் பிடிக்காவிட்டால் அடையோ தோசையோ செய்துகொடுங்கள். 50 கிராம் கேழ்வரகு மாவில் 170, 180 மில்லிகிராம் சுண்ணாம்பு உண்டு. கூடவே முருங்கைக்கீரை, எள்ளுருண்டை.

ஆனால் பால் பட்டாலே தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் வருகிறது என்றால் அது வேறு கதை. அது பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம், நான் சொன்ன தயிர் யோசனையை விட்டுவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தேங்காய்ப் பால் பவுடரும் எல்லாமே பத்திரமில்லை. பல பவுடர்களில் கட்டி தட்டாமல் இருக்கச் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள், அது பாலிலிருந்து எடுப்பது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். சர்க்கரை சேர்த்த தேங்காய் க்ரீமும் அதே அலமாரியில் அதே மாதிரி டப்பாவில் நிற்கும்.

பேக்கரி கேக்கின் மேல் இருக்கும் வெள்ளை க்ரீமைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அது பெரும்பாலும் பால் க்ரீமும் இல்லை, தேங்காய் க்ரீமும் இல்லை. பாமாயில் மரத்துக் கொட்டை எண்ணெயைக் கெட்டிப்படுத்திச் செய்வது. பிறந்த நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி அத்தை. மகனுக்காக ஆறு மணிக்கு எழுந்து எதையோ எடுத்துக் கொடுக்கும் வேலையை அவரிடமிருந்து பிடுங்க வேண்டாம். ஸ்பூனில் இருப்பதை மட்டும் மாற்றுங்கள். முந்தின நாள் ராத்திரியே ஒரு கைப்பிடி மல்லாட்டையை ஊறவைத்து, காலையில் உப்புப் போட்டு வேகவைத்து அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். நடைப்பயிற்சி முடித்து வரும்போது கொடுத்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு நிபந்தனை: மூன்று மாதம் கழித்து அதே லேபில் மறுபடி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எல்டிஎல் இறங்காவிட்டால், டாக்டர் எழுதித் தரும் மாத்திரையைத் தேங்காயைக் காட்டித் தள்ளிப்போடக் கூடாது.

வாங்கி வைத்த எண்ணெயை வீணாக்க வேண்டாம். பொரியலுக்கு இறக்கும்போது எப்போதாவது ஒரு டீஸ்பூன், மிச்சம் மகளுக்குத் தலைவார.