டிஜிட்டல் எக்ஸ்ரேயில் கேவிபி, எம்ஏஎஸ் பற்றி இன்னும் கவலைப்பட வேண்டுமா?

கேட்டவர் ரேடியோகிராஃபி மாணவர் போலிருக்கிறது. (கேவிபி என்பது எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தம்; எம்ஏஎஸ் என்பது குழாயின் மின்னோட்டமான எம்ஏவை விநாடியால் பெருக்கி வருவது.) “எந்த எக்ஸ்போஷர் (கதிரின் அளவு) கொடுத்தாலும் கம்ப்யூட்டரே படத்தைச் சரிசெய்துவிடுகிறதே, பிறகு இதெல்லாம் எதற்கு?” என்கிறார்.

கம்ப்யூட்டர் சரிசெய்வது பெரும்பாலும் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும்தான். ஃபிலிமில் எக்ஸ்போஷர் கூடினால் படம் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். தப்பு உடனே கண்ணில் படும். இப்போது தப்பு அப்படியே இருக்கிறது, காட்டிக்கொடுக்க ஆள்தான் இல்லை.

எம்ஏஎஸ் என்பது கதிரின் அளவு. அது போதாவிட்டால் படத்தில் நாய்ஸ், அதாவது புள்ளிப் புள்ளியான இரைச்சல், ஏறும். இடுப்பு முதுகெலும்பின் லேட்டரல் (பக்கவாட்டு) படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். மேலே எல்2, எல்3 முள்ளெலும்புகளெல்லாம் பளிச்சென்று இருக்கும். கீழே, முதுகெலும்பு திருவெலும்போடு சேரும் எல்5 – எஸ்1 சந்திப்பில் இடுப்பெலும்பும் குறுக்கே வருவதால் கதிர் குறைவாகவே டிடெக்டருக்கு (படத்தைப் பதிவு செய்யும் தகடு) போய்ச் சேரும். அங்கே ஜூம் செய்தால் மணல் தூவியது போல இருக்கும். விண்டோவை (திரையில் வெளிச்சம், கான்ட்ராஸ்டை மாற்றும் அமைப்பு) எப்படி இழுத்தாலும், பதிவாகாத விவரம் வராது.

கேவிபி ஊடுருவும் சக்தி. கைக்கு 50–55, முட்டிக்கு 60–70 போதும். மார்புக்கு கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் தகடு) வைத்து 110–125 வரை போவதற்குக் காரணம் உண்டு: அவ்வளவு சக்தியில் விலா எலும்பின் வெண்மை அடங்கி, அதன் பின்னால் இருக்கும் நுரையீரல் தெரியும். அதே கேவிபியைக் கைக்குக் கொடுத்தால் எலும்பின் நுண்ணிய அமைப்பே மங்கிவிடும். பருமனான உடம்பு என்றால் கேவிபி கூடக் கூட, டிடெக்டருக்கு வரும் கதிரில் ஸ்கேட்டரின் (உடம்பில் பட்டுச் சிதறிய கதிர்) பங்கும் கூடும். அதற்குத்தான் கிரிட், கூடவே கோலிமேஷன் (கதிர் விழும் பரப்பைத் தேவையான அளவுக்குச் சுருக்குவது).

கேவிபியை 15% கூட்டி எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம் என்ற பழைய விதி இன்றும் உதவும். 70 கேவிபி, 20 எம்ஏஎஸ் இருந்த இடத்தில் 80, 10. டிடெக்டருக்கு ஏறக்குறைய அதே அளவு கதிர் வரும், நோயாளிக்கு டோஸ் குறையும், கான்ட்ராஸ்ட் கொஞ்சம் இறங்கும்.

இனி என் ஆதங்கம். குறைந்த எக்ஸ்போஷருக்கு ரேடியாலஜிஸ்ட் திட்டுவார். கூடினால் படம் வழவழவென்று அழகாக வரும், யாரும் வாயே திறக்கமாட்டார்கள். எதற்கு வம்பு என்று எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவார்கள். இந்த வழக்கத்துக்கு ‘டோஸ் க்ரீப்’ என்றே பெயர் உண்டு. கன்சோலில் டீவியேஷன் இண்டெக்ஸ் (எக்ஸ்போஷர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்) வந்தால் அதைப் பாருங்கள்: 0 என்றால் இலக்கு, +3 என்றால் இரண்டு மடங்கு, –3 என்றால் பாதி. படத்தின் அழகைவிட நான் நம்புவது இந்த எண்ணைத்தான்.

அப்புறம், குழந்தைகள். 100 எம்ஏவில் 0.1 விநாடியும் 400 எம்ஏவில் 0.025 விநாடியும் ஒரே 10 எம்ஏஎஸ்தான். அழுது துள்ளும் குழந்தைக்கு இரண்டாவதை எடுங்கள். பெரிய ஃபோகல் ஸ்பாட்டுக்கு (குழாயில் கதிர் பிறக்கும் புள்ளி) மாற வேண்டி வந்து கூர்மை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. அசைவில் கலைந்த படத்தைத் திரும்பத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.