கணப்புக்கு மேலே வேண்டாம், பக்கத்தில் வையுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு ஹாலைப் புதுப்பிக்கிறோம். நீளச் சுவர் நாலரை மீட்டர். அதன் நடுவே ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் புகைபோக்கிச் சுவர் 35 செ.மீ. முன்தள்ளி நிற்கிறது. அதில் விறகு எரிக்கும் கணப்பு அடுப்பு. அடுப்புக்கு மேலே உள்ள தட்டு தரையிலிருந்து 135 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் அந்தச் சுவர் 2.8 மீட்டர் தூரம். தட்டுக்கு மேலே 65 அங்குல டிவியை மாட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். குளிர் மாதங்களில் தினமும் மாலையில் கணப்பை மூட்டுவோம். என் மாமியார் தொடர்கள் பார்ப்பதும் அந்த நேரத்தில்தான். அவருக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு. பூச்சு வேலை இன்னும் முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மேலே மாட்டாதீர்கள். மாட்டக் கூடாது என்பதற்கான காரணங்கள் எல்லாமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. விறகு நெருப்பு, அதைத் தினமும் மூட்டுவது, அதே வேளையில் டிவி பார்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் மாமியாரின் கழுத்து.

உயரத்தை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். வழக்கமான சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 105 செ.மீ. உயரத்தில் இருக்கும். திரையின் மையம் அந்த மட்டத்தை ஒட்டியிருப்பதே சுகமான நிலை. உங்கள் தட்டு 135 செ.மீ.யில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சாண் கூட வேண்டாம், 12 செ.மீ. மட்டும் இடைவெளி விட்டு 65 அங்குலத் திரையை மாட்டினால், அதன் மையம் 188 செ.மீ.க்குப் போய்விடும். 2.8 மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கையில் அது 16, 17 பாகை மேல்நோக்கிய பார்வை. திரையின் மேல் விளிம்புக்கோ 24 பாகை. மையத்துக்கு 15 பாகைக்குள் இருக்கட்டும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அதுவும் நல்ல கழுத்துக்கு. தேய்மானம் உள்ளவர் தலையைப் பின்னால் சாய்த்தபடி இரண்டு மணி நேரம் இருப்பது வலியை வரவழைத்துக்கொள்வது போலத்தான். முழுக்கச் சாயும் நாற்காலியாக இருந்தால் முதுகும் தலையும் சேர்ந்தே சாயும், கழுத்து மடங்காது. நிமிர்ந்து உட்காரும் சோபாவில் அதற்கு வழியில்லை.

திரையைக் கீழ்நோக்கிச் சாய்க்கும் பிராக்கெட் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். சாய்த்தால் படம் தெளிவாகத் தெரியும், உண்மைதான். சில வகை எல்.இ.டி. திரைகளில் கீழிருந்து பார்க்கும்போது நிறம் வெளிறும், அந்தக் குறையும் தீரும். ஆனால் திரை இருக்கும் இடம் மாறவில்லையே! கழுத்து அண்ணாந்தபடியேதான் இருக்கும்.

என் கணக்கை வைத்து வீட்டில் வாதாட வேண்டாம். பழைய செய்தித்தாள்களை ஒட்டி 145 செ.மீ. அகலம், 83 செ.மீ. உயரத்துக்கு ஒரு தாள் செய்யுங்கள். அதைத் தட்டுக்கு மேலே ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு மாலை உங்கள் கணவர் சோபாவில் உட்கார்ந்து அந்தப் புள்ளியையே அரை மணி நேரம் பார்க்கட்டும். அப்புறம் பேசுங்கள்.

அடுத்தது வெப்பம். பெரும்பாலான டிவிகளின் கையேட்டில் 40 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் இயக்கலாம் என்றுதான் போட்டிருக்கும். டிவி தானாகவே சூடாகும் பொருள், அதை நினைவில் வையுங்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளுக்கு வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது மின்னணுத் துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. மேலே மாட்டிய டிவி ஒரே நாளில் எரிந்துவிடாது. சில வருடங்களில் திரையில் கறையோ கோடோ விழும்போது காரணம் யாருக்கும் புரியாது. அதோடு விறகு அடுப்பில் மூட்டும்போதும் கட்டையைத் திருப்பும்போதும் கொஞ்சம் புகை அறைக்குள் வரத்தான் செய்யும். அந்தக் கரி திரையிலும் காற்றுத் துளைகளிலும் படியும்.

சூடு எவ்வளவு என்று அறிய ஒரு வெப்பமானியைத் தட்டுக்கு மேலே, டிவி வரக்கூடிய இடத்தில் ஒட்டி, கணப்பை மூன்று நான்கு மணி நேரம் நன்றாக எரியவிட்டுப் பாருங்கள். அடுப்பை மூட்டிய அரை மணியில் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். செங்கல் மெதுவாகத்தான் சூடேறும். தட்டு ஆழமாக இருந்தால் மேலெழும் வெப்பக் காற்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடும், ஆனால் சுவருக்குள் ஏறும் சூட்டை அது தடுக்காது.

இனி என் யோசனை. உங்கள் சுவரில் புகைபோக்கிக்கு இருபுறமும் ஒன்றரை மீட்டர் அகல மாடங்கள் இருக்கின்றன. கணப்புள்ள ஹாலுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடைக்காது. ஒரு மாடத்தில் டிவி, மற்றொன்றில் புத்தக அலமாரி. எந்தப் பக்கம் என்பதை ஜன்னல் முடிவு செய்யட்டும். எதிரே ஜன்னல் இருந்து வெளிச்சம் திரையில் விழும் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

65 அங்குலம் அந்த மாடத்துக்குள் நுழையும், ஆனால் இருபுறமும் இரண்டு மூன்று செ.மீ.தான் மிஞ்சும். அங்கே இங்கே திருப்ப முடியாது. 55 அங்குலம் வாங்குங்கள், அகலம் 123 செ.மீ.தான். உங்கள் தூரத்துக்கு அது சிறியதாகத் தோன்றாது. மையம் 105 செ.மீ.யில் வருமாறு வைத்தால் திரையின் அடிவிளிம்பு 70 செ.மீ.யில் நிற்கும். அதற்குக் கீழே 50 செ.மீ. உயரத்தில் ஒரு நீளப்பெட்டி வைத்தால் செட் டாப் பாக்ஸும் ஒலிப்பட்டையும் அதில் அடங்கிவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. மாடம் 35 செ.மீ. உள்வாங்கியிருப்பதால், சோபாவின் மறுகோடியில் இருப்பவருக்குப் புகைபோக்கிச் சுவரின் மூலை திரையை மறைக்கும். அதனால் முன்னே இழுத்துத் திருப்பக்கூடிய கை கொண்ட பிராக்கெட் போடுங்கள். சோபாவையும் நேராக ஒரே வரிசையில் போடாமல் ட வடிவில் அமைத்து, டிவிக்கு நேரெதிரான இருக்கையை மாமியாருக்குக் கொடுங்கள். அங்கிருந்து அவர் தலையைத் திருப்பாமலே தொடரும் பார்க்கலாம், தணலும் பார்க்கலாம்.

மாடத்தின் பின்சுவருக்கு அடர்ந்த நிறம் அடித்தால், அணைத்திருக்கும்போது கறுப்புத் திரை உறுத்தாது. இரண்டு மாடங்களுக்கும் அதே நிறம் கொடுத்தால் உங்கள் கணவர் விரும்பும் சமச்சீர் அப்படியே கிடைத்துவிடும். அவர் விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. அறைக்கு நடு ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். அந்த நடுவை நெருப்புக்கே கொடுங்கள் என்கிறேன். தட்டுக்கு மேலே ஒரு நல்ல ஓவியம் மாட்டலாம், வெறுமையாகவும் விடலாம். எரியும் தணலுக்கு மேல் துள்ளும் விளம்பரங்கள் ஓடினால், இரண்டில் எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

மேலே மாட்டுவது எல்லா வீட்டிலும் தவறு என்று நான் சொல்லவில்லை. தரையை ஒட்டிய தாழ்வான, நீளமான கணப்பாக இருந்து, வெப்பம் முன்பக்கமாக வெளியேறும் மின் கணப்பாகவும் இருந்து, சோபா நான்கு மீட்டர் தள்ளியிருந்தால் மாட்டலாம். உங்களிடம் இந்த மூன்றுமே இல்லை. திரையை முன்னே இழுத்துக் கீழே இறக்கும் பிராக்கெட்டும் கிடைக்கிறது. உயரப் பிரச்சினையை அது உண்மையாகவே தீர்க்கும். ஆனால் இறக்கிய திரை அடுப்பு வாய்க்கு நேர் முன்னால் வந்து நிற்கும். நெருப்பு எரியும்போது அதை இறக்கவே கூடாது. நீங்களோ இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறவர்கள்.

பூச்சு முடியவில்லை என்பது நல்லது. இந்த வாரமே எலக்ட்ரீஷியனை அழைத்து, டிவி வரும் மாடத்தில் தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் பிளக் பாயின்ட்டும், அங்கிருந்து கீழ்ப்பெட்டி வரை 5 செ.மீ. அகலக் குழாய் ஒன்றும் பதிக்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் எந்த ஒயர் வந்தாலும் அதன் வழியே இழுத்துக்கொள்ளலாம். எந்த ஒயரும் புகைபோக்கிச் சுவருக்குள் போகக் கூடாது. ஓவியத்துக்கு அங்கே ஆணி அடிப்பதானாலும், உள்ளே புகைக்குழாய் எங்கே ஓடுகிறது, செங்கல் எவ்வளவு தடிமன் என்பதைக் கொத்தனாரிடம் கேட்டுக்கொண்டு அடியுங்கள். டிவி பிராக்கெட் வரும் இடத்தில் சுவர் செங்கல்லா, பலகையா என்பதையும் இப்போதே பாருங்கள். பலகை என்றால், பூசுவதற்கு முன் பின்னால் தடித்த ஒட்டுப்பலகை ஒன்றை வைத்து முடுக்கச் சொல்லுங்கள். முன்னே இழுக்கும் கை, நேராக மாட்டும் பிராக்கெட்டைவிடச் சுவரை அதிகமாக இழுக்கும்.