மீன் பிடிக்கப் போன இடத்தில் திருட்டோ மிரட்டலோ நடந்த அனுபவம் உண்டா? தனியாகப் போகலாமா?

உண்டு, இரண்டு தடவை. இரண்டுமே காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே உள்ள கண்மாய்களில் நடந்தவை. ஊர்ப் பெயர் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

முதலாவது பட்டப்பகலில். தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தது. தண்ணீர் தெளிந்து ஜிலேபிக் கெண்டை கரையோரம் மேய வரும் பருவம். வண்டியைக் கரை மேல் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, பையை ஹேண்டிலில் மாட்டிவிட்டு, மடைக்குப் பக்கத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்தேன். வண்டிக்கும் எனக்கும் முப்பது அடிகூட இருக்காது. திரும்பி வந்து பார்த்தால் பை இல்லை. போன், பர்ஸ், லைசென்ஸ் எல்லாம் அதில்தான். யாரும் வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. எடுத்தவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

புகார் கொடுக்கப் போனபோது, "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார்கள். நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அது தவறு. திருட்டு என்றால் திருட்டு என்றே எழுதுங்கள். எந்த ஸ்டேஷன் எல்லை என்ற குழப்பத்திலும் அலைய வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். புகாரைப் பதிவு செய்ததற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள். சிம்மை முடக்கி, அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கிக்கொண்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் புகார் நகலையும் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் கொடுத்தால் அந்தப் போனையே முடக்கிவிடுவார்கள். அந்த எண்ணை இப்போதே *#06# அழுத்திப் பார்த்து வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் எழுதி வைக்கவில்லை. போன் வாங்கிய அட்டைப்பெட்டியைத் தேடி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

இரண்டாவதுதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சித்தப்பா மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கெளுத்தி பிடிக்கலாம் என்று அவனைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் போனேன். கெளுத்தி பொழுது சாய்ந்த பிறகுதான் நன்றாகக் கடிக்கும். அதனால் இருட்டும் வரை இருந்துவிட்டோம். கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகும் கலுங்குப் பக்கம், சுற்றிலும் சீமைக் கருவேலம். ஒரே வண்டியில் மூன்று பேர் வந்து டார்ச்சை முகத்தில் அடித்தார்கள்.

"எந்த ஊரு?"

"காரைக்குடிண்ணே."

"யாரைக் கேட்டுத் தூண்டி போட்டீங்க? கம்மாய் குத்தகைக்கு விட்டிருக்குன்னு தெரியாதா?"

பேசியது ஒருவன்தான். இன்னொருவன் எங்கள் சாக்கைப் பிரித்து மீனை எண்ணினான். மூன்றாவது ஆள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேராக எங்கள் பைக்கிடம் போய்ச் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. தம்பி என் சட்டையைப் பின்னால் இருந்து பிடித்திருந்தான், சின்னப் பிள்ளை மாதிரி. இருந்த 700 ரூபாயைக் கொடுத்தேன். மீனையும் இரண்டு தூண்டில்களையும் எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் சாவியைக் கருவேலம் புதருக்குள் எறிந்துவிட்டுப் போனார்கள். போன் வெளிச்சத்தில் முள்ளுக்குள் கைவிட்டுத் தேடி எடுக்க அரைமணி நேரம். அவசர உதவி எண் 112-க்கு அடித்திருக்கலாம், அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

மறுநாள் அந்த ஊர் டீக்கடையில் விசாரித்துக் குத்தகைக்காரரைப் போய்ப் பார்த்தேன். பெரியவர். முழுதும் கேட்டுவிட்டு, "அது என் ஆளுக இல்லப்பா. ஆனா நீயும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அவர் சொன்னது நியாயம். நமக்குக் கண்மாய் என்றால் ஆளில்லாத தண்ணீர். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளது என்றால் நீர்வளத் துறையை (முன்பு பொதுப்பணித் துறை) சேர்ந்தது, அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எதுவானாலும் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விட்டிருப்பார். இருட்டில் தூண்டிலோடு நிற்கும் வெளியூர்க்காரன் அவர் கண்ணுக்குத் திருடன்தான். அன்றைக்கு வந்த மூன்று பேருக்கும் இது நன்றாகத் தெரியும். நம் பக்கம் தப்பு இருக்கும்போது நாம் எதிர்த்துப் பேச மாட்டோம், புகாருக்கும் போக மாட்டோம் என்பதை வைத்துத்தான் மிரட்டினார்கள். சாவியைப் பிடுங்கி மிரட்டிப் பணம் வாங்குவது குத்தகை வசூல் இல்லை, பறிப்பு. அதற்கும் புகார் கொடுக்கலாம். நான் கொடுக்காமல் விட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கோடையில் தண்ணீர் வற்றியதும் இந்தப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, அரிகூடையோடு சனம் மொத்தமாக இறங்கும். அங்கே நான் வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறேன், ஒரு பயமும் இருந்ததில்லை. ஊரே கூப்பிட்டு நாம் போகிறோம். அதுதான் வித்தியாசம்.

இப்போது எந்தக் கண்மாய்க்குப் போனாலும் முதலில் அந்த ஊர் டீக்கடையில் நிறுத்தி, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக் குத்தகைக்காரரைக் கேட்கிறேன். பாதிப் பேர் "தூண்டில்தானே, போடுங்க" என்பார்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுவேன். வண்டியைக் கடையிலேயே விட்டுவிடுகிறேன். போன் இடுப்பில். கையில் 200 ரூபாய்க்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஊருணியில் மட்டும் யார் சொன்னாலும் தூண்டில் போடாதீர்கள், அது குடிதண்ணீர்.

தனியாகப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். பகலில், ஊருக்குப் பக்கத்துக் கரையில் என்றால் போகலாம். பொழுது சாய்ந்த பிறகு வேண்டாம், எவ்வளவு பெரிய விரால் கிடைப்பதாக இருந்தாலும் வேண்டாம். யாராவது வழிமறித்துக் கேட்டால் மீனையும் தூண்டிலையும் கொடுத்துவிடுங்கள், வாதாடாதீர்கள். வண்டிச் சாவி மட்டும் எப்போதும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

தம்பிக்கும் சேர்த்து ஒரு புதுத் தூண்டில் வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தையிலும் கூப்பிடுகிறேன், அவன் இன்னும் வரவில்லை.