டிசம்பர் விடுமுறையில் நிசெகோவில் பனி இருக்குமா?

கேள்வி: சென்ற ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் பிள்ளைகளை ஜப்பானின் நிசெகோவுக்கு அழைத்துச் சென்றோம். பனிச்சறுக்குச் சரிவில் பல இடங்களில் புதர்கள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. மேல் சரிவுகளைத் திறக்கவே இல்லை. லா நினா (பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் நிலை) வந்தால் பனி கொட்டும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அதை நம்பி இவ்வாண்டுக்கு விமானச் சீட்டு எடுக்கலாமா?
- ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சீட்டு எடுக்கலாம். ஆனால் லா நினாவை ஒதுக்கிவைத்துவிட்டு, தேதியைப் பார்த்து எடுங்கள்.

குளிர்காலத்தில் சைபீரியாவில் தேங்கும் உறைகுளிர்க் காற்று ஜப்பானியக் கடலைக் கடக்கும்போது, சுஷிமா வெந்நீரோட்டத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் கடல்நீரிலிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு, நிசெகோ இருக்கும் ஹொக்கைடோ தீவின் மேற்குப்புற மலைகளில் மோதி மேலெழும்பிப் பனியாகக் கொட்டுகிறது. நிசெகோ அன்னுபுரி மலையின் உயரம் 1,308 மீட்டர்தான்; அங்கே பனி குவிவதற்கு இந்தக் காற்றே காரணம். கடுங்குளிரில் விழும் அந்தப் பனியைக் கையுறையில் அள்ளி உருண்டை பிடித்தால், தண்ணீர் தெளிக்காத புட்டு மாவைப் போல உதிர்ந்துவிடும். சறுக்குபவர்கள் அதைத் தேடித்தான் அவ்வளவு தூரம் போகிறார்கள்.

நீங்கள் பார்த்த புதர் பெரும்பாலும் 'சாசா' எனப்படும் குட்டை மூங்கிலாக இருக்கும். ஹொக்கைடோ மலைச்சரிவுகளில் அது அடர்ந்து வளரும். அதை முழுவதுமாக மூடி அமுக்கும் அளவுக்குப் பனி சேர்ந்த பிறகுதான் சரிவுகளை ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். டிசம்பர் தொடக்கத்தில் எந்த ஆண்டிலும் இந்தச் சிக்கல் நேரலாம். ஜனவரி, பிப்ரவரியில் பனி ஆழமாக இருக்கும் என்றாலும், பள்ளிப் பிள்ளைகளை வைத்திருக்கும் நமக்கு அந்த மாதங்கள் எட்டாக்கனி. ஆகவே விலை கூடினாலும் டிசம்பர் கடைசிப் பத்து நாள்களைத் தேர்ந்தெடுங்கள்.

லா நினா ஆண்டுகளில் ஜப்பானில் குளிர் கூடும் வாய்ப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தொடர்பு நாட்டின் மேற்குப் பகுதியில் தெரியும் அளவுக்கு வடகோடி ஹொக்கைடோவில் அழுத்தமாகத் தெரிவதில்லை. ஜப்பானிய வானிலை அமைப்பு வெளியிடும் பருவகால முன்னறிவிப்பும் 1991 முதல் 2020 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டு, பனிப்பொழிவு குறைவு, இயல்பு, அதிகம் என்ற மூன்று நிலைகளுக்கான வாய்ப்பைத்தான் விழுக்காட்டில் சொல்கிறது. எந்தச் சாய்வும் இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 33 என்பதால், 'அதிகம்' என்பதற்கு 40 என்று போட்டிருந்தால் அது சிறு சாய்வு மட்டுமே. நீங்கள் போகும் வாரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நம் வடகிழக்குப் பருவக்காற்றுக்கும் அதே சைபீரியக் குளிர்தான் மூலம். அது தென்சீனக் கடல்வழி பீறிட்டு வரும்போதுதான், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் துணி காயாமல் மூங்கில் கழிகளை இரண்டு மூன்று நாள் உள்ளேயே வைத்திருக்கிறோம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து அன்றாட முன்னறிவிப்பையும், நிசெகோ பனிச்சறுக்குத் தளங்கள் வெளியிடும் பனி ஆழத்தையும், திறந்திருக்கும் மேல் சரிவுகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். பனிப்புயலால் ஹொக்கைடோவின் நியூ சிட்டோசே விமான நிலையத்தில் விமானங்கள் ரத்தாவதும் உண்டு. பள்ளி திறப்பதற்கு முந்தைய நாளில் திரும்பும் சீட்டை எடுக்காதீர்கள்.