இட்லிப் பொடிக்குத் தண்ணியா?

கேள்வி: எங்க வீட்டுல நான், இவரு, ரெண்டு பிள்ளைங்க, அத்தை, ஆக அஞ்சு பேரு. போன மாசம் டெஸ்ட் எடுத்ததுல இவருக்கு கொலஸ்ட்ரால் கூடன்னு வந்துட்டு. அதுல இருந்து எங்க நாலு பேருக்கும் மரச்செக்கு நல்லெண்ணெய்தான், மாசம் நாலு லிட்டர் ஆகுது. லிட்டர் 420 ரூபா, எல்லாருக்கும் கட்டுப்படியாகாதுன்னு அத்தைக்கு மட்டும் ரீஃபைண்ட், தோசைக்குன்னா வடை சுட்டு மிஞ்சுனது. அவங்களும் ஒன்னும் சொல்லல, இப்பல்லாம் அவங்களே எண்ணெய கொறச்சுட்டாங்க, இட்லிப் பொடிக்குக் கூட தண்ணி ஊத்திதான் கொழச்சுக்கிடுதாங்க. வீட்டுக்கு எந்த எண்ணெய் நல்லது? தேங்காண்ணெய், நெய் சேக்கலாமா? செக்கு எண்ணெய் ஒரிஜினலான்னு எப்படி கண்டுபிடிக்க?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: எந்த எண்ணெய் நல்லதுன்னு கேட்டு எனக்கு வாராவாரம் லெட்டர் வருது, அதுக்கு பதில் எனக்கு மனப்பாடம், சொல்லுதேன். மொதல்ல அந்தத் தண்ணியப் பேசுவோம்.

ஏம்மா, நீங்க இருக்கது பாளையங்கோட்டை. நம்ம பக்கம் பொடிய தட்டுல வச்சு நடுவுல குழி பண்ணி நல்லெண்ணெய் ஊத்துவோம், அது வழிஞ்சு இட்லிக்கு அடியில ஓடணும், அப்பதான் அது சாப்பாடு. உங்க அத்தை வயசுல உள்ளவங்க, சமைஞ்ச பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டி கருப்பட்டி வாசத்தோட கை நிறைய எண்ணெய் விட்டு உருட்டிக் குடுத்தவங்க, எள்ளைக் கொண்டு போயி செக்குல ஆட்டி எண்ணெயையும் புண்ணாக்கையும் வாங்கிட்டு வந்த தலைமுறை. அப்படி ஒரு மனுஷி பொடிக்கு தண்ணி ஊத்துதாங்கன்னா அதை நீங்க டயட்டுன்னு எழுதிருக்கீங்க. எனக்கு அதை வாசிச்சதும் காப்பி எறங்கல.

அவங்க எண்ணெய கொறைக்கல, கேக்கத நிறுத்திட்டாங்க. ரெண்டு கேன் அடுப்படியில இருக்கது அவங்களுக்குத் தெரியாதா? வடை எண்ணெய்ல சுட்ட தோசைய வாய்ல வைக்கும்போதே அந்த சிக்கு வாடை தெரிஞ்சிரும். சண்டை போட வேண்டாம், மகன் காதுக்குப் போக வேண்டாம்னு டம்ளர்ல இருக்க தண்ணிய ஊத்திக்கிட்டாங்க, "ஒன்னும் சொல்லல"ன்னு நீங்க எழுதுனதுக்கு அர்த்தம் இதுதான். உங்க வீட்டுக்காரரையும் நான் விடப்போறதில்ல, அதே வீட்டுலதான அவரும் சாப்பிடுதாரு, அம்மா தட்டு கண்ணுல படலையா? அவருக்கு ரத்தத்துல கொழுப்பு கூடுனா வீட்டு எண்ணெயே மாறுது, பெத்தவளுக்கு மிச்சம் மீதி. என்னைய பழைய காலத்து ஆளுன்னு சொல்லிக்கோங்க, ஒரே அடுப்புல ரெண்டு வகை எண்ணெய் ஓடுற வீட்டை எனக்குப் பிடிக்காது.

அதுவும் அந்த வடை எண்ணெய். நல்லா காஞ்ச எண்ணெய திரும்பத் திரும்ப காய்ச்சுனா அது கெட்டு ஒடம்புக்கு ஆகாத சேர்மானமெல்லாம் ஏறிக்கிட்டே போகும், அது 25 சதவீதத்துக்கு மேல போன எண்ணெய யூஸ் பண்ணக் கூடாதுன்னு ஹோட்டல்காரனுக்கே ரூல் இருக்கு. ஹோட்டலுக்கு ஆகாததை வீட்டுல உள்ளதுலயே வயசானவங்க தட்டுக்கு ஒதுக்கிருக்கீங்க.

இப்ப கட்டுப்படியாகலன்னு சொன்னீங்கல்லா, அந்தக் கணக்குக்கு வாரேன். நாலு லிட்டர், 420 வீதம் 1680 ரூபா. எண்ணெய் எதுவானாலும் ஆளுக்கு மாசம் அரை லிட்டர்ல நிறுத்துங்கன்னுதான் டாக்டருங்க பொதுவா சொல்லுதாங்க. அஞ்சு பேருக்கு ரெண்டரை லிட்டர், எல்லாமே செக்கு எண்ணெய்னாலும் 1050 ரூபா. அத்தையையும் சேத்துக் கணக்குப் போட்டாலும் 630 ரூபா மிச்சம்! ஆக துட்டு இல்லாம இல்ல, நாலு பேரு ஆளுக்கு ஒரு லிட்டர் குடிச்சுட்டு இருந்துருக்கீங்க. செக்குல ஆட்டுனதுன்னா எவ்வளவு வேணாலும் ஊத்தலாம்னு யாரு சொன்னா? ஒரு கிராம் எண்ணெய்ல 9 கலோரி, மரச்செக்குன்னாலும் அதேதான், ரீஃபைண்ட்னாலும் அதேதான். அவரு கொலஸ்ட்ராலுக்கு மொத மருந்தே எண்ணெய் அளவ கொறைக்கதுதான், ரெண்டாவது, டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்துருந்தா அதை ஒழுங்கா போடுறது, செக்கை நம்பி அதை விட்ராதீங்க. பாக்கெட் மேல "கொலஸ்ட்ரால் இல்லை"ன்னு போட்டுருக்கதப் பாத்தும் மயங்காதீங்க, எள்ளு, கடலை, தேங்கா எதுலயுமே கொலஸ்ட்ரால் கிடையாது, அது பால், முட்டை, கறின்னு ஆடு மாடு கோழி மாதிரி பிராணிகள்ட்ட இருந்து வர்றதுலதான்.

எதை வாங்கன்னு கேட்டா, ஒன்னையே பிடிச்சுக்கிட்டு தொங்காதீங்க. குழம்பு, பொடி, ஊறுகாய், களி இதுக்கெல்லாம் நல்லெண்ணெய். எள்ளுல இயற்கையாவே இருக்க சத்துனால அது சீக்கிரம் சிக்கடிக்காது. பொரிக்க, தாளிக்க கடலெண்ணெய். அவியல்ல கடைசியா பச்சையா ஒரு கரண்டி தேங்காண்ணெய், அது இல்லாத அவியல் அவியலே இல்ல. ஆனா தேங்காண்ணெய்ல பத்துக்கு ஒம்பது பங்கு ரத்தத்துல கொலஸ்ட்ரால ஏத்துற உறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்), நெய்யிலயும் பாதிக்கு மேல அதுதான், அவரு தட்டுல ரெண்டையும் வாசத்துக்கு மட்டும் வைங்க. சொதி வைக்கிற அன்னைக்கு தேங்காப்பாலே போதும், அதுக்கு மேல நெய்யையும் ஊத்தி மறுவீட்டு விருந்தாக்காதீங்க. பிள்ளைங்க நெய் தின்னட்டும், ஓடுற வயசு.

ஒரிஜினலான்னு பாக்க யூடியூப் வேண்டாம், பலசரக்குக் கடையில எள்ளு விலைய விசாரிச்சாப் போதும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய ரெண்டரை கிலோ எள்ளு ஆட்டணும். புண்ணாக்கு வித்த காசக் கழிச்சாலும் அந்த எள்ளு விலைய விடக் கொறச்சு ஒருத்தன் எண்ணெய் விக்கான்னா அவன் தர்மம் பண்ண கடை தொறக்கல, என்னத்தையோ கலக்குதான். கடலைக்கும் இதே கணக்குதான். எண்ணெய எவர்சில்வர்லயோ கண்ணாடியிலயோ ஊத்தி, வெயிலும் அடுப்புச் சூடும் படாம வைங்க, ஒரு மாசத்துக்கு மேல வாங்கிக் குவிக்காதீங்க.

வாங்கப் போகும்போது அத்தையையும் ஆட்டோவுல ஏத்திட்டுப் போங்க, ஒரு சொட்டு அவங்க உள்ளங்கையில விட்டாப் போதும், தேய்ச்சு மோந்து பாத்து அவங்க சொல்லுவாங்க, என்னையக் கேட்டு லெட்டர் எழுத வேண்டிய வேலையே இருந்துருக்காது.

அந்த வடை எண்ணெய சிங்க்ல ஊத்தாதீங்க, அடச்சுக்கும், பழைய பேப்பர்ல ஒத்தி குப்பையில போடுங்க. நாளைக்கு காலையில இட்லின்னா எண்ணெய்க் கிண்ணத்த அத்தை கைக்கு எட்டுற மாதிரி வைங்க. நீங்க ஊத்தி விடாதீங்க, அவங்க என்ன பண்ணுதாங்கன்னு பாத்துக்கிட்டும் நிக்காதீங்க, வச்சுட்டு அடுப்படிக்குப் போயிருங்க.